ஆளில்லாத விடுதி

"எட்டு நாளா எங்கப்பாவைக் காணோம்" என்று அந்தப் பெண் சொன்ன நேரம் பார்த்துக் கண்டக்டருக்குக் கொட்டாவி வந்து தொலைத்தது. வாயைப் பொத்திய கையால் அப்படியே மீசையை நீவுவதுபோல் பாவனை செய்து சமாளித்தார். மேடம் பார்த்துவிட்டார். மேடம் பார்க்காதது என்று ஒன்று கிடையாது. பார்த்ததைச் சொல்லாமல் உள்ளேயே பூட்டி வைத்துக்கொள்வதுதான் அவரிடம் கண்டக்டருக்குப் பிடிக்காத ஒரே குணம்.

கண்டக்டர் என்றால் இப்போது எந்தப் பஸ்ஸிலும் இல்லை. இருபத்தொன்பது வருஷம் டவுன் பஸ்ஸில் விசில் ஊதிவிட்டு, ஓய்வு பெற்ற மறுமாதமே மேடத்தின் துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளராகத் தொற்றிக்கொண்டவர். மேடத்துக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். போலீஸ் வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்து பத்து வருஷம் ஆகிறது. அலுவலகத்தில் மொத்தமே இவர்கள் இரண்டு பேர்தான். ஞாயிற்றுக்கிழமையும் இரண்டு பேரும் வந்து உட்கார்ந்திருப்பார்கள். ஏன் வந்தீர்கள் என்று ஒருவரை ஒருவர் கேட்பதில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

காலை ஏழு மணி. தெருமுனையில் ஒரு மாடி வீடு. கூடத்தில் நின்ற பெண்ணுக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. வெள்ளைக் கோட்டைக் கழற்றக்கூட நேரமில்லாமல் ஒரு ஷிஃப்ட் முடித்து வந்து, அடுத்த ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கண்கள் இரண்டும் சிவந்திருந்தன. தூங்காத சிவப்பா, அழுத சிவப்பா என்று கண்டக்டரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"போலீஸ்ல என்ன சொன்னாங்க?" மேடம் கேட்டார்.

"'பெரியவர்தானே, கோபம் தணிஞ்சா தானா வந்துடுவாரு'ன்னாங்க."

"கோபத்துலயா போனாரு?"

"கோபமே இல்லைங்க. எங்களுக்குள்ள சண்டையே கிடையாது. சண்டை போட எனக்கு நேரம் எங்க இருக்கு?" என்றவள், சொன்ன பிறகுதான் அந்த வார்த்தையைக் கேட்டவள்போல் தலையைக் குனிந்துகொண்டாள். "போனை வெச்சுட்டுப் போயிட்டாரு. நாலு சட்டை, ரெண்டு பேன்ட், ஒரு பெட்டி. பிரஷர் மாத்திரை டப்பாவுல ஒரே ஒரு அட்டையை மட்டும் எடுத்துட்டுப் போயிருக்காரு. பத்து மாத்திரை. நாளை மறுநாளோட தீர்ந்துடும். ஒரு நாள் விட்டாலே தலை சுத்தி விழுந்துடுவாரு, மேடம். எங்க விழுந்து கிடக்காரோன்னு, ஆஸ்பத்திரிக்கு வர்ற ஒவ்வொரு ஸ்ட்ரெச்சரையும் ஓடிப்போய்ப் பார்க்கிறேன்."

காணாமல் போனவர் ஊரின் பெரிய ஹோட்டலில் முப்பத்தாறு வருஷம் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் நின்றவர். தெருவில் அவரை எல்லாரும் 'ரிசப்ஷன்' என்றுதான் கூப்பிடுவார்கள். மனைவி போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஒரே மகள், இவள்தான்.

அவளுடைய கைபேசி சிணுங்கியது. எடுத்துப் பார்த்தாள். முகத்தில் எங்கிருந்தோ ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு கடகடவென்று பதில் தட்டினாள். கைபேசிக்குள் இருப்பவர் இவள் முகத்தைப் பார்க்கவா போகிறார் என்று கண்டக்டர் நினைத்துக்கொண்டார்.

"மன்னிக்கணும். மேல கெஸ்ட் தங்கியிருக்காங்க. மாடி ரூமை ஆப்ல போட்டு வாடகைக்கு விடறேன்."

"யாரு?"

"தெரியாதுங்க. பின்சந்துல இருந்து தனியா மாடிப்படி. கதவுல நம்பர் பூட்டு. ஆப்ல புக் பண்ணினா நம்பர் போயிடும். வருவாங்க, இருப்பாங்க, போவாங்க. நான் யாரையும் பார்க்கிறதே இல்லை."

"மூஞ்சியைப் பார்க்காம விருந்தாளியா?" கண்டக்டருக்கு மனசு ஆறவில்லை. "எங்க பஸ்ல, கூட்டம் பிதுங்கினாக்கூட டிக்கெட் கிழிக்கிறப்ப மூஞ்சியை ஒரு தடவை பார்த்துடுவோம்."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "இவங்க ரொம்ப நல்ல கெஸ்ட். பாத்திரம் தேய்க்கிற அம்மா ஒரு நாள் கெஸ்ட் இல்லாதப்ப மேல போய்ப் பார்த்துட்டு, 'படுக்கையை மடிச்சு வெச்சிருக்கிற அழகைப் பார்த்தா கலைக்கவே மனசு வரலை'ன்னு சொன்னாங்க. மேல நடக்கிற சத்தம் கேட்கும். வீட்டுல அந்தச் சத்தம் ஒண்ணுதான் எனக்கு இப்போ துணை. அவங்களும் நாளைக்குக் காலி பண்றாங்க."

"அப்பா விஷயத்தை அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"ஐயோ, அதெப்படிங்க? தங்க வந்தவங்களைப் பயமுறுத்தவா? 'எல்லாம் நல்லா இருக்கு, நல்லாத் தூங்குனீங்களா'ன்னு போடுவேன், அவ்வளவுதான்."

மேடம் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். ரிசப்ஷனின் அறையைக் காட்டச் சொன்னார்.

கூடத்தை ஒட்டிய சின்ன அறை. முன்பு சாமான் போடுகிற இடமாக இருந்திருக்க வேண்டும். ஜன்னல் உயரத்தில் இருந்தது. கட்டிலில் விரிப்பின் நான்கு மூலையும் தபால் உறை மடித்ததுபோல் கச்சிதமாக உள்ளே சொருகியிருந்தது. ஒரு சுருக்கம் கிடையாது.

"பட்டாளத்துல இருந்தாரா?" என்றார் கண்டக்டர்.

"ஹோட்டல்" என்றார் மேடம். அவர் கண் மேஜை மேலிருந்த நோட்டுப் புத்தகத்தில் இருந்தது.

நீல மையில் முத்து முத்தான கையெழுத்து. அட்டையில் 'வந்தவர் தங்கிய கதை' என்று எழுதியிருந்தது. ரிசப்ஷன் ஓய்வு பெற்ற பிறகு விருந்தோம்பலின் சரித்திரத்தை எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். எழுதி முடித்த தலைப்புகள் பத்து. சத்திரம், மடம், குதிரை வண்டிக்காரர் விடுதி, ரயில் நிலைய ஓய்வறை, அதிகாரிகள் பங்களா, லாட்ஜ் என்று வரிசையாக ஓடின. ஒவ்வொரு தலைப்பையும் எழுதுவதற்கு முன்னால் அந்த மாதிரி இடம் எங்கேயாவது மிச்சம் இருந்தால் அங்கே ஒரு ராத்திரி போய்ப் படுத்துவிட்டு வந்திருக்கிறார். தேதியும் போட்டிருந்தார்.

கண்டக்டர் நடுவில் பிரித்து வாய்விட்டுப் படித்தார்:

'மனிதன் ஒரு பகலில் எவ்வளவு தூரம் நடப்பானோ, அவ்வளவு தூரத்துக்கு ஒன்றாகச் சத்திரம் கட்டினார்கள். ரயில் வந்ததும் விடுதிகள் ஸ்டேஷன் வாசலுக்கு இடம் மாறின. கார் வந்ததும் நெடுஞ்சாலைக்குப் போயின. வழிப்போக்கன் எதில் வந்தானோ, அதற்குத் தக்கபடி விடுதியும் எழுந்து அவன் பின்னாலேயே நடந்தது. முன்பெல்லாம் பசியாற்றிய பிறகுதான் பெயர் கேட்டார்கள். இப்போது பெயரும் அடையாள அட்டையும் வாங்கிக்கொண்ட பிறகுதான் நாற்காலியையே காட்டுகிறார்கள்.'

"நல்லாத்தான் எழுதறாரு மனுஷன்" என்றார் கண்டக்டர். மகள் நோட்டை எட்டிப் பார்த்தாள். அதை அவள் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

பதினோராவது தலைப்பின் கீழே ஒரே ஒரு வரிதான் இருந்தது. தலைப்பு: 'ஆளில்லாத விடுதி.' வரி: 'இங்கே வந்தவனை யார் வரவேற்கிறார்கள்?' தேதி, அவர் காணாமல் போன அதே நாள்.

"பேய் பங்களா எதுலயாவது போய்ப் படுத்துட்டாரோ?" என்றார் கண்டக்டர்.

மேடம் நோட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "முதல்ல உயிரோட இருக்கிறவங்களைக் கேட்போம். வாங்க."

நோட்டில் இருந்த கடைசித் தேதிகளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு இடமாக ஏறி இறங்கினார்கள். ரயில் நிலைய ஓய்வறைக் காப்பாளர் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "வந்து நாலு மாசம் ஆச்சு" என்றார். படுக்கை வாடகைக்கு விடும் கூடத்தில் அறுபது இரும்புக் கட்டில், மேலும் கீழுமாக. அங்கேயும் இல்லை. பிறகு பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு லாட்ஜுக்குப் போனார்கள். படியேறும்போதே பினாயில் வாடை மூக்கில் அடித்தது. கம்பி வலைக்குப் பின்னால் கிளார்க் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது, சவரம் செய்யாத முகம்.

போட்டோவைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். "இவரா? மூணு மாசம் முன்னாடி வந்தாரு. ஒரு நாள்தான் இருந்தாரு. ஆனா மறக்க மாட்டேன்."

"ஏன்?"

"சாவியை வழக்கம்போல மேஜை மேல தூக்கிப் போட்டேன். எடுக்காம நின்னாரு. 'தம்பி, சாவியைக் கையில கொடுங்க. தனியா ரூம் கேட்டு வர்றவன் அன்னைக்குப் பூரா யார் கையையும் தொட்டிருக்க மாட்டான்'னாரு." கிளார்க் கொஞ்சம் வெட்கப்பட்டார். "அதுல இருந்து எல்லாருக்கும் கையிலதான் கொடுக்கிறேன். சில பேர் பயந்துக்கிறாங்க."

கண்டக்டர் அதற்கு ஒரு ஜோக் வைத்திருந்தார். வாய் வரைக்கும் வந்தது, ஆனால் வெளியே வரவில்லை. இருபத்தொன்பது வருஷம் டிக்கெட்டும் சில்லறையுமாக ஒரு நாளைக்கு எத்தனை உள்ளங்கைகளைத் தொட்டிருப்பார்! வியர்த்த கை, மருதாணி வைத்த கை, குழந்தையின் கை என்று எல்லாவற்றையும் சலித்துக்கொண்டேதான் தொட்டார். இப்போது மேன்ஷன் அறையில் காலையில் எழுந்தால், கதவுக்கடியில் பேப்பர் வந்து விழுகிறது. தண்ணீர் கேன் வாசலில் வந்து உட்கார்ந்திருக்கிறது. மகன் வெளிநாட்டிலிருந்து குரல் செய்தி அனுப்புகிறான். மனைவி போன நான்கு வருஷத்தில் தன் கையை யாராவது தொட்டார்களா என்று யோசித்தபடியே படி இறங்கினார். ஒரு நர்ஸ், ஊசி போடுவதற்காக. வேறு யாரும் ஞாபகத்துக்கு வரவில்லை.

"என்ன, சத்தத்தையே காணோம்?" என்றார் மேடம்.

"விசிலை முழுங்கிட்டேன், மேடம்."

மத்தியானம் பெரிய ஹோட்டல். கண்ணாடிக் கதவு தானாகத் திறந்து வழிவிட்டது. கண்டக்டர் அதற்கு ஒரு வணக்கம் போட்டார். பளிங்குத் தரையில் பித்தளைத் தள்ளுவண்டியோடு நின்றிருந்தார் தலைமைப் போர்ட்டர். ரிசப்ஷனும் அவரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். இவர் பெட்டி தூக்குவார், அவர் சாவி கொடுப்பார். முப்பத்தாறு வருஷ சிநேகம் என்று மகள் சொல்லியிருந்தாள்.

"உங்க சிநேகிதரைக் காணோம்" என்றார் மேடம்.

"கேள்விப்பட்டேன்."

"எங்க போயிருப்பாரு?"

"எனக்கென்னங்க தெரியும்? எங்க இருந்தாலும் நல்லா இருப்பாரு." போர்ட்டர் ஒரு பெட்டியின் கைப்பிடியைத் துடைத்தார். அதில் துடைப்பதற்கு ஒன்றுமே இல்லை.

"கடைசியா எப்பப் பார்த்தீங்க?"

"ஞாபகம் இல்லை."

மேடம் அவர் துடைத்த கைப்பிடியைப் பார்த்தார். பிறகு, "அவர் பொண்ணு சாப்பிடறதே இல்லை. ஆஸ்பத்திரிக்கு வர்ற ஸ்ட்ரெச்சரை எல்லாம் ஓடிப்போய்ப் பார்க்குது" என்றார்.

போர்ட்டரின் கை நின்றது. "பார்க்குதா? தேடுதா அந்தப் பொண்ணு?"

"தேடாம?"

"அவரு அப்படி..." என்று ஆரம்பித்து உதட்டைக் கடித்துக்கொண்டார். பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தார். இரண்டு அடி போய்த் திரும்பி வந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்: "சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கேன்ங்க. என்னைக் கேட்காதீங்க. நாளைக்குப் பதினொரு மணிக்குள்ள கண்டுபிடிச்சுடுங்க. அதுக்கு அப்புறம் எனக்கே தெரியாது." அவர் லிஃப்டுக்குள் போனதும் கதவு மூடிக்கொண்டது.

காரில் ஏறும் முன்பே கண்டக்டர் ஆரம்பித்துவிட்டார். "பதினொண்ணுக்கு எந்த பஸ்ஸும் இல்லை. பதினொண்ணே காலுக்கு ஒரு எக்ஸ்பிரஸ் இருக்கு. ரயில்ல ஏறி எங்கயோ போகப் போறாரு! இப்பவே ஸ்டேஷனுக்குப் போய் உட்கார்ந்துடலாமா?"

மேடம் கைக்கடிகாரத்தைக் கழற்றி டேஷ்போர்டில் வைத்தார். அவர் யோசிக்கும்போது செய்யும் காரியம் அது. "அந்த போர்ட்டர் நம்மகிட்ட என்ன கேட்டாரு?"

"எதுவும் கேட்கலையே. நாமதான் கேட்டோம்."

"முப்பத்தாறு வருஷ சிநேகிதன் காணாம போயிட்டான். எப்பப் போனான், துணிமணி எடுத்துட்டுப் போனானா, மருந்து இருக்கான்னு ஒரு கேள்வி வரலை. அவருக்குத் தெரியும். 'பொண்ணு தேடுதா'ன்னு மட்டும் கேட்டாரு. அது ஒண்ணுதான் அவருக்குத் தெரியாதது."

கண்டக்டர் சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

"உங்களை ஒண்ணு கேட்கிறேன், கண்டக்டர். டிக்கெட் எடுக்காதவன் பஸ்ல எங்க நிப்பான்?"

"புதுசா ஏமாத்தறவன் கடைசி சீட்டுல பதுங்குவான். அவனை ரெண்டே நிமிஷத்துல பிடிச்சுடலாம். பழம் தின்னு கொட்டை போட்டவன் எனக்குப் பக்கத்துலயே, இடிச்சுக்கிட்டு நிப்பான். நான் பஸ் பூரா தேடிட்டு வருவேன், அவனை மட்டும் கேட்க மாட்டேன்."

"ஏன்?"

"பக்கத்துல இருக்கிறவன்கிட்ட வாங்கியாச்சுன்னு ஒரு நினைப்புத்தான், மேடம். முப்பது வருஷம் ஆனாலும் அந்தத் தப்பு போகாது."

சொல்லிவிட்டுக் கண்டக்டர் மேடத்தைப் பார்த்தார். மேடம் கடிகாரத்தைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கண்டுபிடித்த சந்தோஷம் இல்லை. காரைத் திருப்பினார். ஸ்டேஷன் பக்கம் இல்லை.

"எங்க போறோம்?"

"அவ வீட்டுக்கு."

மகள் அப்போதுதான் ஷிஃப்ட் முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நாலரை மணி. இவர்களைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"கெட்ட செய்தி இல்லை" என்றார் மேடம் முதலிலேயே. "உங்க போனைக் கொடுங்க. அந்த மாடி கெஸ்ட் அனுப்பினது எல்லாத்தையும் பார்க்கணும்."

"அவங்க எதுக்கு?" போனைக் கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

"மாடி ரூம் முன்னாடி யாரோடது?"

"அப்பா அம்மாவோடது. அம்மா போனதும், அப்பாவுக்கு முட்டி வலி, படி ஏற வேண்டாமேன்னு கீழ மாத்தினேன். சும்மா கிடக்கிற ரூம்தானேன்னு..." அவள் பேச்சு அங்கேயே நின்றது.

"பத்து மாத்திரை எடுத்துட்டுப் போனவர் பத்து நாளைக்குள்ள ஒரு திட்டம் வெச்சிருந்தவர். பதினொரு மணின்னா நமக்கு ரயில் ஞாபகம் வரும். ஹோட்டல்காரங்களுக்கு அது அறையைக் காலி பண்ற நேரம்." மேடம் சின்ன அறையின் பக்கம் கையைக் காட்டினார். "அந்தப் படுக்கை விரிப்போட மூலையை ஒரு தடவை பாருங்க. மாடியில உங்க வேலைக்கார அம்மா கலைக்க மனசில்லைன்னு சொன்ன படுக்கையும் இப்படித்தான் இருக்கும். தன் போனை இங்க வெச்சுட்டு, போர்ட்டரோட போன்ல புக் பண்ணியிருப்பாரு. வரவேற்க ஆளே இல்லாத விடுதியைப் பத்தி எழுதணும்னா அவருக்கு ஊர் ஊரா அலைய வேண்டிய அவசியமே இல்லை."

மகள் கூரையை நிமிர்ந்து பார்த்தாள். மேலே காலடிச் சத்தம். இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு. பெட்டியில் எதையோ அடுக்குகிற நடை. எட்டு நாளாகத் துணை என்று அவள் கேட்டுக்கொண்டிருந்த அதே சத்தம்தான். ஒரு கால் அழுந்தியும் ஒரு கால் லேசாகவும் விழுவதை இப்போதுதான் அவள் கவனித்தாள். கண்டக்டரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆணியில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மேலயே இருந்துக்கிட்டு எதுக்குங்க என்னை இப்படி..." அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "எட்டு நாள்! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? என்னைப் பழி வாங்கினாரா?"

மேடம் கைபேசியை அவளிடமே நீட்டினார். "நீங்களே படிங்க."

அவள் படித்தாள். சத்தம் போட்டுத்தான் படித்தாள். தனக்குத்தானே தண்டனை கொடுத்துக்கொள்வதுபோல் இருந்தது.

முதல் நாள். கெஸ்ட்: 'வந்து சேர்ந்தேன். அறை சுத்தமாக இருக்கிறது. மிக்க நன்றி.' அவள்: 'வாங்க சார்! எது வேணும்னாலும் எந்த நேரமும் கேளுங்க. உங்க சொந்த வீடு மாதிரி நினைச்சுக்குங்க.'

இரண்டாம் நாள். அவள்: 'நல்லாத் தூங்குனீங்களா சார்?' கெஸ்ட்: 'இரண்டு வருஷத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன். கேட்டதற்கு நன்றி.'

மூன்றாம் நாள். கெஸ்ட்: 'கீழே எல்லோரும் நலம்தானே?' அவள்: 'எல்லாரும் சூப்பர் சார்!'

"அன்னைக்குத்தான் நான் மார்ச்சுவரி வரைக்கும் போய்ப் பார்த்துட்டு வந்தேன்" என்றாள் மகள், யாரிடமோ சொல்வதுபோல்.

ஐந்தாம் நாள். கெஸ்ட்: 'வீட்டில் பெரியவர்கள் யாராவது இருக்கிறார்களா?' அவள் அதற்குப் போட்டிருந்த பதிலைப் படிக்க வாய் எழவில்லை. மேடம் வாங்கிப் பார்த்துவிட்டுக் கண்டக்டரிடம் கொடுத்தார். 'இல்ல சார். நான் மட்டும்தான். உங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது.'

அதற்குப் பிறகு கெஸ்ட் இரண்டு நாள் எதுவும் அனுப்பவில்லை. இன்று காலை, அவர்கள் இந்தக் கூடத்தில் நின்றிருந்தபோது வந்தது, ஒரு கூடுதல் துண்டு கேட்டு. மத்தியானம் இன்னொன்று வந்திருந்தது. வேலையில் இருந்ததால் அவள் இன்னும் பார்க்கவில்லை.

'நாளை பதினொரு மணிக்கு அறையை ஒப்படைக்கிறேன். தொலைதூரம் போகிறேன். இந்த ஊருக்குத் திரும்பும் எண்ணமில்லை. தாங்கள் என்னைக் கவனித்துக்கொண்ட விதத்துக்கு நன்றி.'

கண்டக்டர் கைபேசியை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். அவருக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். பெரியவர் எழுதுவதற்காகத்தான் மேலே போயிருப்பார். ஒரு வாரம் காணவில்லை என்றால் மகள் தேடுவாள், நாலு பேரைக் கேட்பாள், அந்தச் சத்தம் மேலே கேட்கும் என்று காத்திருப்பார். அவளோ தேடியதை எல்லாம் வெளியே வைத்துக்கொண்டு, சிரிப்பை மட்டும் மாடிக்கு அனுப்பியிருக்கிறாள். தன்னை யாரும் தேடவே இல்லை என்று எட்டு நாளும் அவர் கணக்குப் போட்டு முடித்துவிட்டார்.

கண்டக்டர் போன மாதம் செய்த காரியம் ஒன்று உண்டு. யாரிடமும் சொன்னதில்லை. ஒரு சாயங்காலம் கைபேசிக் கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டு, இல்லாத புகார் ஒன்றைச் சொன்னார். 'வணக்கம் சார், உங்களுக்கு எப்படி உதவலாம்?' என்று அந்தப் பெண் கேட்பதற்காகத்தான். சம்பளத்துக்குக் கேட்கிறாள் என்று நன்றாகவே தெரியும். இருந்தாலும் காதுக்கு இதமாக இருந்தது. ரிசப்ஷன் ஏன் தன் சொந்த அறைக்கே விருந்தாளியாகப் போனார் என்பதை இந்த ஊரிலேயே தன்னைவிட நன்றாகப் புரிந்துகொள்ளக்கூடியவர் இல்லை என்று பட்டது.

மகள் பின்வாசலை நோக்கி ஓடினாள். "நம்பர் எனக்குத் தெரியும். இப்பவே போய்த் திறந்து..."

"வேண்டாம்மா" என்றார் கண்டக்டர். குறுக்கே போய் நின்றுவிட்டார். "நம்பர் போட்டுத் திறந்து உள்ள நுழைஞ்சா, கையும் களவுமாப் பிடிச்ச மாதிரி ஆயிடும். அவமானத்துலயே கிளம்பிப் போயிடுவாரு. அந்த வயசுல ரோஷம் மட்டும்தான் மிச்சம் இருக்கும். எனக்குத் தெரியும்."

"அப்ப என்ன பண்றது?"

"அவர் உங்களுக்கு ஒண்ணு எழுதியிருக்காரு. நீங்க இன்னும் பதில் போடலை. போடுங்க. ஆனா கெஸ்ட்டுக்குப் போடற மாதிரி போடாதீங்க."

மேடம் கண்டக்டரை ஒரு பார்வை பார்த்தார். பார்த்ததை இந்தத் தடவையும் சொல்லவில்லை.

அவள் சமையலறை மேடையில் சாய்ந்துகொண்டு தட்டினாள். அழித்தாள். மறுபடி தட்டினாள். இரண்டு முறை கைபேசி நழுவப் பார்த்தது. கடைசியில் அனுப்பிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கைபேசி மேடையிலேயே ஒளிர்ந்துகொண்டிருந்தது. படிக்கக் கூடாது என்று நினைத்தும் கண்டக்டர் படித்துவிட்டார்.

'சார், நான் உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். வீட்டுல எங்கப்பா இருந்தாரு. எட்டு நாளா அவரைக் காணோம். தேடாத இடம் இல்லை. எங்கயும் போக வேண்டாம்னு அவர்கிட்ட சொல்லணும், எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. நேத்து மத்தியானத்துல இருந்து நான் எதுவும் சாப்பிடலை.'

மேலே காலடிச் சத்தம் நின்றது.

தெருவில் ஒரு ஸ்கூட்டர் போனது. பக்கத்து வீட்டில் யாரோ குழாயைத் திறந்து மூடினார்கள். அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு இப்போதே கிளம்பிவிடுவாரோ என்று கண்டக்டருக்குப் பயம் வந்தது. தான் சொன்ன யோசனைதானே என்று கையைப் பிசைந்தார். சந்தில் போய் நின்று மறித்துவிடலாமா என்று ஒரு காலை எடுத்தும் வைத்துவிட்டார்.

நம்பர் பூட்டு திறக்கும் சின்ன இசை கேட்டது. பிறகு படி. ஒரு படி, நிறுத்தம். இன்னொரு படி, நிறுத்தம்.

மகள் எழுந்து பின்கதவைத் திறந்தாள். உயரமான மனிதர். சட்டையின் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்தார். தலையைப் படிய வாரியிருந்தார். கையில் பெட்டி இல்லை. போர்ட்டரின் பழைய கைபேசிதான் இருந்தது. கடைசிப் படியில் நின்று, மகளைப் பார்த்தார். மேடத்தையும் கண்டக்டரையும் பார்த்துப் பழக்க தோஷத்தில் லேசாகத் தலை சாய்த்தார். மறுபடியும் மகளைப் பார்த்தார்.

"மணி அஞ்சாகப் போகுது" என்றார். குரல் உடைந்திருந்தது. "நேத்து மத்தியானத்துல இருந்தா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"அப்படியே ரெண்டு ஷிஃப்ட் பார்த்தியா?"

அதற்கும் தலையாட்டல்தான். கண்ணீர் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, துடைக்கக்கூட இல்லை.

"இரும்மா. மேல ரொட்டி வாங்கி வெச்சிருக்கேன், எடுத்துட்டு வந்துடறேன்" என்று அவர் திரும்பினார்.

அவள் எட்டி அவர் சட்டையின் பின்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். "நீங்க போக வேண்டாம்."

"பதினாலு படிதாம்மா. வந்துடுவேன்."

"தெரியும். நானும் வர்றேன்."

குறுகலான படி அது. ஒருவர் பின்னால் ஒருவராகத்தான் ஏற முடியும். அவர் ஒரு படி ஏறி நின்றார், அவளும் நின்றாள். அவர் அடுத்த படி ஏறினார். மேலே போய்ச் சேரும் வரைக்கும் அவள் சட்டையை விடவே இல்லை.